கேட் வரை வந்த இட்லி

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது பொதுவாக ஒரு கேள்வியைப் போட்டு, அதற்கு விடை எனக்குத் தெரிந்தும் இருந்துவிட்டால், என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் கையைத் தூக்குகிறவள் நான். டிராம்பே பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் டெஸ்பாட்ச் செக்‌ஷனில் வேலை பார்த்தேன். எந்த லாரி எங்கே நிற்கிறது என்று மேனேஜர் கேட்டால், அதற்கென்று இருக்கிறவர் ஃபைலைத் திறப்பதற்குள் நான் சொல்லி முடித்திருப்பேன். என் வீட்டுக்காரர் இதைக் கல்யாணமான நாள் முதல் கிண்டல் செய்கிறார். "உன்னையா கேட்டாங்க?" என்பார். தெரிந்ததைச் சொன்னால் குற்றமா என்று நானும் விடாமல் மல்லுக்கு நிற்பேன். சில சமயம் குற்றம்தான் என்று அறுபது வயதில்தான் தெரிந்தது.

செம்பூரில் எங்கள் காலனிக்கு நான்கு கட்டடங்கள், ஒரே ஒரு கேட். தினமும் காலை ஏழரைக்கு ஓர் இட்லிக்காரர் சைக்கிளில் வருவார். கேரியரில் பெரிய அலுமினியப் பாத்திரம், மேலே வெள்ளைத் துணி, ஹேண்டிலின் இரண்டு பக்கமும் தூக்குவாளி. ஒன்றில் சட்னி, ஒன்றில் சாம்பார். காலனியில் பாதிப் பேர் தமிழர்கள்தான். ஆனால் அவர்கள் தஞ்சாவூர், பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து மாட்டுங்கா வந்து, அங்கிருந்து செம்பூருக்குக் குடியேறியவர்கள். இட்லியைக் காசு கொடுத்து வெளியே வாங்குவது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். இவரைக் கூப்பிட்டு நிறுத்துவது குஜராத்திகளும் சிந்திகளும்தான். பிறகு நான். எனக்கு மாவு அரைக்கச் சோம்பல், அதைச் சொல்வதில் வெட்கமும் இல்லை.

மற்றவர்களுக்கு அவர் இட்லிவாலா. நான் முதல் நாளே ஊரைக் கேட்டுவிட்டேன். பம்பாயில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இது ஒரு வியாதி. தமிழ்க் குரல் காதில் விழுந்தால் போதும், விலை கேட்பதற்கு முன்னால் ஊரைக் கேட்போம்.

"எந்த ஊரு தம்பி?"

"சங்கரன்கோயில் பக்கம்க்கா."

"பக்கம்னா எந்தப் பக்கம்?"

கிராமத்தின் பெயர் வரும்வரை நான் விடவில்லை. எங்கள் அம்மாவுக்கு அம்பாசமுத்திரம் என்றேன். "அப்பம் நம்ம ஊருதான்" என்று சிரித்தார். இரண்டுக்கும் நடுவில் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் ஆகும். செம்பூரில் நின்று பார்க்கும்போது அதெல்லாம் ஒரே ஊர்தான். அடுத்த கேள்வி இங்கே எங்கே இருக்கிறீர்கள் என்பது. அதற்கும் யோசிக்காமல் பதில் சொன்னார். தாராவியில் எந்தச் சந்து, எந்தக் குழாய்க்குப் பக்கத்தில், கீழே அடுப்பு, மேலே பரணில் படுக்கை, விடியுமுன் எழுந்து மனைவியும் அவரும் இட்லி அவிப்பது, பிள்ளைகள் இரண்டும் ஊரில் மாமனார் வீட்டில் தங்கிப் படிப்பது. பதினோரு வருஷத்தில் எல்லாம் எனக்குத் தெரியும். அவர் என்னை அக்கா என்பார். நான் தம்பி என்பேன். கூடப் பிறந்த தம்பி எனக்கு இல்லை என்பதால் அந்த வார்த்தையைச் சொல்வதில் ஒரு சந்தோஷமும் உண்டு.

பிறகு கொரோனாவின் அந்த மார்ச் மாதம் வந்தது. தட்டைத் தட்டினோம், விளக்கு ஏற்றினோம், கதவைச் சாத்திக்கொண்டோம். கேட்டுக்குச் சங்கிலி போட்டாயிற்று. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், கத்தரிக்காயை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தேன், செய்தித்தாளை நிறுத்தினேன். மாட்டுங்காவில் நாங்கள் வாடிக்கையாக வாங்கும் மளிகைக் கடைக்காரர் வாசலுக்குக் குறுக்கே மேஜையைப் போட்டு, மேலிருந்து பிளாஸ்டிக் தாளைத் தொங்கவிட்டு, வேலை இல்லாமல் கிடந்த டாக்ஸிக்காரர் ஒருவரைப் பிடித்து வீடு வீடாகச் சாமான் அனுப்ப ஆரம்பித்தார். சீட்டு எழுதிப் போட்டோ பிடித்து அனுப்பினால் போதும். நான் தமிழில் எழுதி அனுப்பினேன். கடையில் பொட்டலம் கட்டுகிறவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. கேட்டது ஒன்று, வந்தது ஒன்று. அடுத்த தடவை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி அனுப்பினேன். அரை கிலோ காப்பிப் பொடி வந்து சேர்ந்த அன்று வீட்டில் தீபாவளி.

சாயங்காலம் ஆனால் டி.வி.யில் தாராவி. மேலேயிருந்து பிடித்த தகரக் கூரைகள், சிவப்பு வட்டம், குரல் உயர்த்திப் பேசும் ஆள். அந்தப் பெயரைச் சொல்லும்போதே நோயைச் சொல்வதுபோலச் சொன்னார்கள். எங்கள் காலனி வாட்ஸ்அப் குரூப்பில் அந்த வீடியோக்கள் காலை வணக்கப் பூக்களோடு சேர்ந்து வந்தன. அங்கே பத்து வீட்டுக்கு ஒரு கக்கூஸ், அங்கேயிருந்துதான் ஊர் முழுக்கப் பரவப்போகிறது என்று எங்கள் சேர்மன் எழுதினார். அவர் முதல் கட்டடத்தில் இருக்கிறவர், பாங்கில் பெரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நான் பதில் ஏதும் எழுதவில்லை. அப்போது யாரும் கேள்வி கேட்கவில்லை அல்லவா.

ஏப்ரலில் ஒருநாள் இட்லிக்காரர் போன் செய்தார். நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று விசாரிக்க அவர் கூப்பிட்டார். நான் அவரை விசாரிக்கக் கூப்பிட்டிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவேயில்லை.

"நல்லா இருக்கோம்க்கா. எங்க சந்துல மூங்கிக் கம்பு வச்சு அடச்சிட்டானுவ. உள்ள இருக்கவுக வெளிய வரக்கூடாது. எங்களுக்குச் சீக்கு ஒண்ணும் இல்ல. வெரல்ல கிளிப்பு மாட்டிப் பாத்துட்டுப் போறாவ."

"சாப்பாட்டுக்கு என்ன செய்றீங்க தம்பி?"

"எங்கள்ட்டதான அண்டா, சட்டியெல்லாம் கெடக்கு. நாலஞ்சு இட்லி வீட்டுக்காரங்க சேந்து பள்ளிக்கூடத்துல தனியா பிரிச்சு வச்சிருக்கவுகளுக்குப் பொங்கிக் குடுக்கோம். அரிசி பருப்பு சங்கத்துல குடுத்துருதாவ. இட்லிச் சட்டியில கிச்சடி கிண்டுதேன்க்கா. பாத்தா சிரிப்பீங்க."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். போனை வைத்துவிட்டு வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். காலனி குரூப்பில் இதை எழுதவேண்டும் என்றுகூட நினைத்தேன். டி.வி. சொல்லும் தாராவியில் இப்படியும் நடக்கிறது என்று நாலு வரி எழுதியிருந்தால் பின்னால் எனக்கும் உதவியிருக்கும். எழுதவில்லை. கேட்காததை எழுதினால் வம்பு என்று அன்றைக்கு மட்டும் ஏனோ புத்தி வந்தது.

மே மாதக் கடைசியில் மறுபடி போன் வந்தது. இந்தத் தடவை சிரிப்பில்லை. திருநெல்வேலிக்கு ஒரு ஸ்பெஷல் ரயில் விடுகிறார்கள், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் பெயர் வந்துவிட்டது, நாளை மறுநாள் கிளம்ப வேண்டும் என்றார்.

"எங்க வீட்டுல போயிருவோம்னு ஒத்தக் கால்ல நிக்கா. மாமாவுக்கு ரொம்ப முடியலக்கா, எந்திரிச்சே பத்து நாளாச்சாம். பிள்ளைகளும் அங்கன கெடக்கு."

"போயிட்டு வாங்க தம்பி, அதுக்கென்ன."

"போனா எப்பம் வர முடியும்னு தெரியாதேக்கா. இப்பம்தான் சந்துல அடைப்ப எடுத்திருக்காவ. எனக்கு இருக்கது ஒங்க காலனியும் பக்கத்துல ரெண்டு கட்டடமும்தான். அந்தக் கட்டடத்துக்காரங்க ஒங்க காலனியில விட்டா நாங்களும் விடுதோம்ங்காவ. நான் இல்லாத நேரம் வேற ஒருத்தன் சைக்கிள உள்ள விட்டுட்டான்னா, அம்புட்டுதான். ஒங்க காலனியில எப்பம் ஆளுகள விடுவாவ? அதத் தெரிஞ்சிட்டு முடிவெடுக்கலாம்னு இருக்கேன்."

இதுதான் கேள்வி. விடை எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அடுத்த வாரம் திங்கட்கிழமையிலிருந்து வெளியாட்களை மெதுவாக உள்ளே விடலாம் என்று கமிட்டியில் பேசியிருந்தார்கள். லிஃப்டுக்குக் காத்து நின்றபோது காதில் விழுந்தது. யார் யாரை விடுவது என்று முடிவாகவில்லை. எனக்குக் கமிட்டியில் ஒரு பதவியும் கிடையாது. இந்த இரண்டு விஷயத்தையும் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

"திங்கக்கிழமையிலேர்ந்து விடறாங்க தம்பி. நீங்க வாங்க. கேட்ல நான் சொல்லி வைக்கறேன்."

"நெசமாவாக்கா? நம்பி இருக்கலாமா?"

"நான் பாத்துக்கறேன்னு சொல்றேன்ல?"

அதோடு விட்டேனா? பாத்திரத்தோடு திறந்து விற்றால் ஜனங்கள் பயப்படுவார்கள், ஆறு ஆறு இட்லியாகப் பெட்டியில் போட்டு மூடி, சட்னியைத் தனிப் பொட்டலமாகக் கட்டிக் கொண்டுவாருங்கள் என்று யோசனை வேறு சொன்னேன். கையுறை போடுங்கள், சானிடைசரை எல்லோர் கண்ணிலும் படும்படி ஹேண்டிலில் மாட்டுங்கள் என்றேன். எல்லாவற்றுக்கும் "சரிக்கா, சரிக்கா" என்றார். பின்னால் அவர் மனைவி ஏதோ சொல்வது கேட்டது. "அக்காதான் சொல்லுதாவள்லா, சும்மா இரு" என்று அவர் அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னதும் கேட்டது. ரயில் அவர்கள் இல்லாமல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குரூப்பில் சேர்மன் பட்டியல் போட்டார். பால்காரர், பேப்பர்க்காரர், காய்கறி வண்டி, இஸ்திரிக்காரர். ஒவ்வொருவரும் எங்கே குடியிருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் அனுமதி. பால்காரர் இங்கேயே பக்கத்துத் தெரு. காய்கறி வண்டிக்காரர் கோவண்டியில் குடிசைப் பகுதி. கொஞ்சம் யோசித்து, கேட்டுக்கு வெளியே நிற்கட்டும் என்றார்கள். பிறகு ஒரு குஜராத்தி அம்மாள் இட்லிவாலாவையும் சேருங்கள், குழந்தைகள் ஏங்கிப்போயிருக்கின்றன என்று எழுதினார். சேர்மன் கேட்டார்: அந்த ஆள் எங்கிருந்து வருகிறார், யாருக்காவது தெரியுமா?

எனக்குத் தெரியும்.

அப்போது என் மனசில் என்ன இருந்தது என்று எத்தனையோ தடவை நோண்டிப் பார்த்திருக்கிறேன். காட்டிக்கொடுக்கும் எண்ணம் இல்லை. இருநூறு பேர் இருக்கிற குரூப்பில் வேறு யாருக்கும் தெரியாதது எனக்குத் தெரியும் என்கிற அற்பப் பெருமைதான் இருந்தது. இன்னொரு பழக்கமும் எனக்கு உண்டு. நான் நீளமாக எழுதி ஒரேயடியாக அனுப்ப மாட்டேன். பேசுவதுபோலத் துண்டு துண்டாக அனுப்புவேன். முதல் துண்டு "தாராவி" என்று போயிற்று. அடுத்து, பதினோரு வருஷமாக எனக்குத் தெரிந்தவர், மிகச் சுத்தமானவர், அவர் சந்தில் இப்போது நோய் இல்லை, தினமும் பரிசோதனை நடக்கிறது, எல்லாவற்றையும் மூடிக் கொண்டுவருவார் என்று நிதானமாகக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தேன். நான் தட்டி முடிப்பதற்குள் அங்கே எல்லாம் முடிந்திருந்தது. கும்பிடுகிற கைகள், கண் பிதுங்கிய முகங்கள், ஐயோ, வேண்டாம், இத்தனை நாள் அங்கேயிருந்தா சாப்பிட்டோம். அந்தக் குஜராத்தி அம்மாளே தன் செய்தியை அழித்துவிட்டார். பட்டியலில் இட்லிவாலா இல்லை என்று சேர்மன் எழுதி, தகவலுக்கு நன்றி என்று எனக்குத் தனியாக ஒரு பூவும் வைத்தார். நான் எழுதிய இரண்டாவது துண்டு அதற்குக் கீழே போய் உட்கார்ந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

சண்டை போட்டிருக்கலாம். இந்த வாய் எதற்கெல்லாமோ சண்டை போட்டிருக்கிறது. தண்ணீர் டாங்க் கழுவாததற்கு, பிள்ளையார் சதுர்த்திக்கு ஒலிபெருக்கி வைத்ததற்கு. "விடு, இப்ப போய் வம்பு எதுக்கு" என்றார் வீட்டுக்காரர். விட்டேன். அவர் சொன்னதால் விட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை வேறு. அன்று ராத்திரி எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்தச் சந்தில் அவித்த இட்லியை அடுத்த நாள் நான் என் வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டாம். வேண்டாம் என்று நானாகச் சொல்லவும் வேண்டாம். காலனியே எனக்காகச் சொல்லிவிட்டது. தம்பி என்று கூப்பிட்டுப் பழகிய ஆளிடமும் எனக்கு அந்தப் பயம் இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது.

அதைவிட மோசம் இன்னொன்று. ஒரு போன் போட்டு, நாளைக்கு வராதீங்க தம்பி, காரியம் கெட்டுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. எப்படிச் சொல்வது என்று வெட்கப்பட்டு, காலையில் எழுந்து சொல்லிக்கொள்ளலாம் என்று போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தேன். அவர்கள் எத்தனை மணிக்கு மாவை ஊற்றுவார்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன?

ஏழரைக்கு அவர் சைக்கிள் ஹாரன் சத்தம் கேட்டது. மூன்றாவது மாடியில் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நான் சொன்ன ஒன்றையும் அவர் விடவில்லை. முகத்தில் மாஸ்க், மேலே பிளாஸ்டிக் கண்ணாடி, கையில் உறை, ஹேண்டிலில் சானிடைசர் பாட்டில். வாட்ச்மேன் குச்சியை நீட்டித் தூரத்திலேயே நிறுத்தினான். இவர் துணியை விலக்கி, அடுக்கியிருந்த பெட்டிகளைக் காட்டினார். ஒரு பெட்டியை எடுத்து நாலு பக்கமும் திருப்பிக் காட்டினார். வாட்ச்மேன் முடியாது என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். அப்போது இவர் கையை உயர்த்தி எங்கள் ஜன்னலைக் காட்டினார். மூன்றாவது மாடி அக்காவைக் கேள் என்று சொல்கிறார் என்பது எனக்குக் கேட்காமலே புரிந்தது. நான் ஓர் அடி பின்னால் போனேன்.

மேஜையில் போன் அடித்தது. அடித்து நின்றது. மறுபடி அடித்தது. மூன்று தடவை. வீட்டுக்காரர் குளியலறையிலிருந்து, யாரது என்று கேட்டார். ராங் நம்பர் என்றேன்.

திரும்ப எட்டிப் பார்த்தபோது அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டிருந்தார். கிளம்புமுன் ஒரு பெட்டியை எடுத்து வெளிச் சுவரின் மேல் வைத்து, வாட்ச்மேனிடம் ஏதோ சொல்லி, மறுபடி மேலே கையைக் காட்டினார். அது எனக்கு. அந்தப் பெட்டி வெயிலில் அப்படியே இருந்தது. வாட்ச்மேன் அதைத் தொடவில்லை. நானும் இறங்கிப் போகவில்லை. பத்து மணிக்குக் காக்கைகள் வந்து மூடியைத் தள்ளின. மத்தியானம் குப்பை வண்டிக்காரர் மிச்சத்தை வாரிக்கொண்டு போனார்.

ஜூலையில் எங்கள் காலனியிலும் நோய் வந்தது. முதலில் சேர்மன் வீட்டுக்கு. எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் வாசற்படி தாண்டாத மனுஷர். பிறகு எங்கள் கட்டடம், பிறகு எங்கள் வீடு. என் வீட்டுக்காரரை ஆம்புலன்ஸில் ஏற்றியபோது எல்லா ஜன்னல்களிலும் திரை அசைந்தது. யாரும் இறங்கி வரவில்லை. நான் யாரையும் குறை சொல்ல யோக்கியதை இல்லாதவள். பதினொரு நாள் கழித்து நல்லபடியாகத் திரும்பி வந்தார். அதற்குள் டி.வி.யில் காற்று மாறியிருந்தது. தாராவி எப்படிக் கட்டுப்படுத்தியது, உலகமே பாராட்டுகிறது என்று அதே ஆள் அதே குரலில் பேசினார். குணமாகி வந்த சேர்மன் அந்தச் செய்தியைக் குரூப்பில் போட்டு, நமக்கெல்லாம் பாடம் என்று எழுதினார். எல்லோரும் கும்பிட்டார்கள்.

அப்போதுதான் இட்லிக்காரருக்குப் போன் செய்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. குளிர் மாதம் வந்தபிறகு, வீட்டுக்காரரைத் தனியாக விட்டுப் போகலாம் என்று தைரியம் வந்த ஒருநாள், ஆட்டோ பிடித்து சயானில் இறங்கித் தாராவிக்குள் நடந்தேன். வழி யாரையும் கேட்கவில்லை. எல்லாம்தான் கேட்டுத் தெரிந்து வைத்திருக்கிறேனே. குழாய், கோயில், சந்து. வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு வாசலில் ஒரு பெண் உட்கார்ந்து மாஸ்குக்கு எலாஸ்டிக் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு மூட்டை நிறைய தைத்து முடித்தவை. முன்பு தோல் பை தைத்த வீடாம்.

"அவுக ஜூன் மாசமே ஊருக்குப் போயிட்டாவளே. நீங்க யாரு?"

"அவர்கிட்ட இட்லி வாங்கறவ."

"அந்தக்காவுக்கு அப்பா தவறிட்டாரும்மா. சேதி வந்து, பாஸ் வாங்கி, வேன் புடிச்சுப் போய்ச் சேர மூணு நாளாச்சு. எல்லாம் முடிஞ்சிட்டு. ரயிலுக்குப் பேரு வந்துச்சு, அதுலயே போயிருந்தா மொகத்தப் பாத்திருக்கலாம். ஏதோ காலனியில வரச்சொல்லிட்டாவன்னு இந்தண்ணன் இருந்துட்டாரு. பெறவு அங்கயும் விடலயாம். யாரு அப்பிடி நம்பச் சொன்னாவளோ, தெரியல."

யார் என்று எனக்குத் தெரியும். ஊசியை நிறுத்திவிட்டு அவள் என் முகத்தைப் பார்த்தாள். அங்கேதான் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு வருஷம் கழிந்தது. மாட்டுங்காவில் பூவும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்துகொண்டிருந்தேன். புதிதாகக் கட்டிய ஓர் ஆபீஸ் கட்டடம், கண்ணாடி முகப்பு. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிளைச் சுற்றி அடையாள அட்டை தொங்கவிட்ட பெண்களும் ஆண்களும் நின்று இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குனிந்து சட்னி ஊற்றுகிறவரின் பின்கழுத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பேசாமல் எதிர்ப்பக்கம் போய்விடலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டார்.

"அக்கா! நல்லாருக்கீங்களா? அண்ணாச்சி நல்லாருக்காவளா?"

இலையில் நாலு இட்லி வைத்து நீட்டினார். தலை பாதி நரைத்திருந்தது. பிள்ளைகளைக் கேட்டேன்; இங்கேயே கூட்டிவந்து சேர்த்துவிட்டாராம். மனைவியைக் கேட்டேன்.

"இருக்கா. எங்கிட்ட மொகங் குடுத்துப் பேசவே ஒரு வருசமாச்சுக்கா. இப்பம் பரவால்ல." குறையாகச் சொல்லவில்லை. மழை எப்போது வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

கூட்டம் கொஞ்சம் கலையட்டும் என்று ஓரமாக நின்றேன். பிறகு பக்கத்தில் போய், குரலைத் தணித்துச் சொன்னேன்.

"தம்பி, அன்னைக்குப் போன் அடிச்சப்ப நான் வீட்லதான் இருந்தேன். நீங்க தாராவியிலேர்ந்து வர்றீங்கன்னு காலனியில சொன்னதும் நான்தான். வேணும்னு சொல்லல தம்பி. கேட்டாங்க, வாய் தவறிச் சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிருங்க."

அவர் கரண்டியைச் சாம்பாருக்குள் விட்டு ஒரு கிண்டு கிண்டினார்.

"தெரியும்க்கா."

"எப்படித் தெரியும்? வாட்ச்மேன் சொன்னானா?"

"அவனுக்கு என்ன தெரியும்? நான் எங்க இருக்கேன்னு அந்தக் காலனியில ஒங்களுக்கு மட்டுந்தானக்கா தெரியும். வேற யாரு கேட்டாவ என்னய?"

எனக்கு அழுகை வந்தது. கையில் இலையோடு நடுத்தெருவில் நின்றுகொண்டு அழ முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அழாதீங்கக்கா, போனது போச்சு என்றார். நல்ல மனுஷர். நான் தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு கேட்டில் நின்ற வாட்ச்மேனை ஒரு தடவை பார்த்துவிட்டு, என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்.

"இங்கன நான் செம்பூருன்னு சொல்லி வச்சிருக்கேன். யாருட்டயும் சொல்லிராதீங்கக்கா."

"சொல்ல மாட்டேன் தம்பி" என்றேன்.

சரி என்று தலையை ஆட்டினார். நான் இலையைத் தொட்டியில் போட்டுவிட்டு, வாட்ச்மேனைத் தாண்டி நடந்து, ரோட்டைக் கடந்து பஸ் ஸ்டாப்பில் போய் நின்று திரும்பிப் பார்த்தேன். ஒருவர் இலையை நீட்டிச் சட்னி கேட்டுக்கொண்டிருந்தார். இட்லிக்காரர் அதைக் கவனிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், பஸ் வந்து நான் ஏறும்வரை.